ஐந்து பேர் சுற்றிய கசற்

இன்றைய பிள்ளைகளுக்குக் கசற் என்றால் என்னவென்று எடுத்துக் காட்டித்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்ரிக் கூடு. அதற்குள் இரண்டு சில்லுகள். அவற்றில் சுற்றிய, நாலு மில்லிமீற்றர் அகலம்கூட இல்லாத மண்ணிற நாடா. நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் இதை அறிமுகப்படுத்தியது. சி-60 என்று எழுதியிருந்தால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45 நிமிடம். பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் எங்கள் தலைமுறைப் பெண்களில் பலருக்கு, விரும்பியதைத் தாங்களே தெரிந்தெடுத்து வைத்திருக்க முதன்முதலாகக் கிடைத்த இடம் அந்த 90 நிமிடம்தான். வானொலியில் அவர்கள் போடுவதைக் கேட்க வேண்டும். கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் ஊர் கேட்பதைக் கேட்க வேண்டும். கசற்றில் மட்டும் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று நாங்கள் தீர்மானிக்கலாம்.

நான் இணுவிலில் பிறந்து வளர்ந்தவள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர். அப்படிப்பட்ட ஊரில் எனக்குப் பிடித்துப்போனது மேற்கத்தைய றொக் இசை. பெரியப்பாவின் மகன் ஒருவர் கப்பலில் வேலை செய்தார். அவர் லீவில் வரும்போதெல்லாம் நாலைந்து கசற் கொண்டு வருவார். 1986 இல் அவர் நோர்வேக்குப் போனபோது அந்தக் கசற்றுகளை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போனார். பீற்றில்ஸ், சந்தானா, பொப் மார்லி, லெட் செப்பலின் என்று பல விதமாக இருந்தன. சவூதியில் வேலை செய்த மாமா கொண்டு வந்த நஷனல் பனசொனிக் பிளேயர் வீட்டில் இருந்தது. எனக்கு அப்போது 15 வயது.

றொக் என்றால் வெறும் கத்தல் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. எங்கள் அம்மாவும் அப்படித்தான். "உந்தக் கத்தல் பாட்டு பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு?" என்று கேட்பா. மின் கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ் ஆகியவற்றைக் கொண்டு வாசிக்கும் இந்த இசை 1950களில் அமெரிக்காவில் உருவானது. அதன் வேர் இன்னும் பின்னே போகிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் சந்ததியினர் தங்கள் துயரத்தைப் பாடிய 'புளூஸ்' பாடல்களிலும் அவர்களுடைய தேவாலயப் பாடல்களிலும் இருந்துதான் அது வளர்ந்தது. அதில் பெண்களுக்கும் பெரிய பங்கு இருந்தது. 1915 இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த சிஸ்ரர் றொசெற்றா தார்ப் என்ற கறுப்பினப் பெண், றொக் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே, 1940களில் மின் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தேவாலயப் பாடல்களைத் துள்ளலாகப் பாடியவர். றொக் இசைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் என்று 2018 இல் அமெரிக்காவின் றொக் இசைப் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயரைச் சேர்த்தார்கள். அவர் இறந்து 45 வருடங்களுக்குப் பிறகு!

இதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். ஒருநாள் லெட் செப்பலின் கசற் ஓடிக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த பாட்டா, வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, "ஆர் பிள்ளை உது அடிக்கிறது? நல்ல கை" என்றார். பாட்டா தவில் கச்சேரிக்காக விடிய விடியக் கோயில் வீதியில் இருந்தவர். அவர் சொன்ன பிறகு அம்மாவும் கொஞ்சம் அடங்கிவிட்டா.

அந்த நாளில் யாழ்ப்பாண நகரில் ஒலிப்பதிவுக் கடைகள் இருந்தன. றெக்கோடிங் பார் என்போம். வெறும் கசற்றையும் பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். என்னுடைய பட்டியலில் இளையராஜாவுக்குப் பக்கத்தில் பீற்றில்ஸ் இருக்கும். அதற்குக் கீழே நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இருக்கும். அதற்கும் கீழே சந்தானா. கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுகள் ஒண்டோடொண்டு ஒட்டாது" என்பார். ஒட்டுமா ஒட்டாதா என்று பார்ப்பதுதானே விளையாட்டு! பீற்றில்ஸ் 1966 இல் வெளியிட்ட இசைத்தட்டிலேயே தபேலா வாசிக்கப்பட்டிருக்கிறது. இளையராஜா 1986 இல் 'ஹவ் ரு நேம் இற்' என்று ஓர் இசைத்தொகுப்புச் செய்தார். அதில் கர்நாடக இசையும் ஐரோப்பிய இசையும் அக்கா தங்கை போல நடந்து வருகின்றன. வேலி போட்டவர்கள் கேட்பவர்கள்தான். இசை வேலிக்குக் கீழால் போய்வந்து கொண்டுதான் இருந்திருக்கிறது.

கலந்து பதிவதற்குச் சில ஒழுங்குகள் இருக்கின்றன. கசற்றின் தொடக்கத்தில் சில செக்கனுக்கு வெறும் வெள்ளை நாடா ஓடும். அதில் எதுவும் பதியாது. அதைப் பென்சிலால் சுற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் மூன்று, நாலு செக்கன் மௌனம் விட வேண்டும். ஒரே குழுவின் பாட்டுகளை அடுத்தடுத்துப் போடக்கூடாது. உரத்த பாட்டுக்குப் பிறகு மெல்லிய பாட்டு ஒன்று வந்தால் காது ஆறும். பக்கம் முடியும்போது கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகாமல் நிமிடங்களை முன்பே கூட்டிப் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான ஒழுங்கு ஒன்று உண்டு. கேட்கப் போகிறவர் யார் என்பதை மனதில் வைத்துத்தான் பாட்டை எடுக்க வேண்டும். பரீட்சையில் தவறிய சிநேகிதிக்குப் பதிவது ஒன்று, புதிதாகக் கலியாணம் முடித்தவளுக்குப் பதிவது வேறொன்று.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றானது. மண்ணெண்ணெய் விலை எங்கேயோ போனது. அந்த இருட்டில் சைக்கிள் டைனமோதான் எங்களுக்குக் கைகொடுத்தது. வாசிக்கிற உங்களில் பலர் இதைச் செய்திருப்பீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ 6 வோல்ற் தரும். நாலு பற்றரியில் ஓடும் சின்னப் பிளேயருக்கு அது போதும். டைனமோவில் வரும் மின்சாரம் திசை மாறி மாறி வருவதால் நடுவில் டயோட்டுகள் வைத்துக் கட்ட வேண்டும். தம்பிமார் அதையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் செய்தார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெடியன் சுற்றினால் ஒரு பாட்டுக்கு ஒரு தோடம்பழ இனிப்புக் கூலி. அதுவும் கிடைக்கிற நாளில்தான்.

சத்தமாகப் போட முடியாததற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று பொம்மர். காதில் ஹெட்போன் மாட்டினால் விமானம் வருவது கேட்காது. அதனால் ஒரு காது பாட்டுக்கு, மற்றது வானத்துக்கு. மற்றக் காரணம் சாவு. செத்தவீடு நடந்த ஒழுங்கையில் 31 முடியும்வரை பாட்டுப் போடுவதில்லை. அந்த வருடங்களில் ஒரு வீட்டின் 31 முடிவதற்குள் இன்னொரு வீட்டில் பறை கேட்டது. அப்படிப் பார்த்தால் எங்கள் ஒழுங்கையில் பாட்டே கேட்டிருக்கக்கூடாது. ஆனாலும் கேட்டோம், தலையணைக்குக் கீழே பிளேயரை வைத்து. அது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

அப்படிக் கேட்கிறவர்கள் ஐந்து பேர் ஒன்று சேர்ந்தோம். நான் ஒருத்தி. என்னுடன் படித்த அளவெட்டித் தோழி ஒருத்தி, தவிற்காரர் வீட்டுப் பிள்ளை. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஊரில் இருந்த ஒருத்தி, தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவள். ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் ஒருவர். மற்றவர் எங்கள் ஒழுங்கைத் தையல் அக்கா. அவவின் கணவர் 1987 இல் ஷெல் விழுந்து இறந்தவர். இரண்டு பிள்ளைகளைத் தையல் மெஷினை நம்பி வளர்த்துக் கொண்டிருந்தா.

புதுக் கசற் எங்கும் கிடைக்காத காலம். என்னிடம் பழைய சி-90 ஒன்று இருந்தது. ஏற்கெனவே பதிந்ததை அழிக்காமல் இருக்கக் கசற்றின் முதுகில் உள்ள சின்னச் சதுரத்தை உடைத்துவிடுவார்கள். அந்தத் துளையைக் கடதாசியால் அடைத்தால் மீண்டும் பதியலாம். அந்த ஒரு கசற்றை ஐந்து பேருக்கும் பங்கிட்டோம். ஒரு பக்கத்தில் ஒருவருக்கு ஒன்பது நிமிடம். விரும்பியதைப் பதியலாம், ஆனால் ஏன் அதைத் தெரிந்தெடுத்தோம் என்று ஒரு வார்த்தை பேச வேண்டும். அக்காவின் உறவினர் ஒருவருடைய இரட்டைக் கசற் பிளேயர் கிடைத்தது. அதற்குப் பெரிய பற்றரி எட்டு வேண்டும், அதாவது 12 வோல்ற். கார் பற்றரியும் 12 வோல்ற்தான். ஜெனரேற்றர் வைத்திருந்த கடையொன்றில் காசு கொடுத்து சார்ஜ் பண்ணிய கார் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டு வந்து, 1992 இல் இரண்டு பின்னேரங்களில் பதிந்து முடித்தோம்.

குருநகர்த் தோழி பொப் மார்லியின் 'நோ வுமன் நோ க்ரை' பாடலை எடுத்தாள். பெண் இல்லாவிட்டால் அழுகையும் இல்லை என்று பலர் இதற்குப் பொருள் கொள்வதுண்டு. ஜமெய்க்கா மக்களின் பேச்சுவழக்கில் அதன் பொருள் நேர்மாறானது. பெண்ணே, அழ வேண்டாம் என்று ஆறுதல் சொல்வது. இப்பாடலை எழுதியவராகப் பதிவாகியிருப்பவர் வின்சன்ற் ஃபோர்ட். கிங்ஸ்ரன் நகரின் ட்ரெஞ்ச்ரவுன் என்ற ஏழைக் குடியிருப்பில் பசித்தவர்களுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்து வந்தவர். நிவாரணக் கியூவில் நின்ற நாங்கள் அந்தப் பாட்டை விரும்பியதில் வியப்பில்லை.

தையல் அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தா. "எனக்குச் சொல் இல்லாத பாட்டா எடுத்துத் தா பிள்ளை. சொல் வந்தா அவற்ரை ஞாபகம் வருகுது." சினிமாப் பாட்டு ஒவ்வொன்றும் அவவை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும் என்றா. சந்தானா 1970 இல் வெளியிட்ட 'சம்பா பா ரி' என்ற கிற்றார் இசையை எடுத்துக் கொடுத்தேன். முழுக்க முழுக்கக் கிற்றார்தான் பேசும். அதைக் கேட்டுக்கொண்டு அவ சட்டை வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். முகம் தெளிந்திருக்கும்.

ரீச்சர் எடுத்தது ட்ரேசி சப்மன் 1988 இல் பாடிய ஒரு பாட்டு. 'பிஹைன்ட் த வோல்' என்று பெயர். வாத்தியம் எதுவும் இல்லை, தனிக் குரல். இரண்டு நிமிடம்கூட வராது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிவாங்கிக் கதறுவதைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்கும் ஒருவருடைய பாட்டு. பொலிசைக் கூப்பிட்டும் பயனில்லை என்கிறது. ரீச்சர் அதன் பொருளைத் தமிழில் சொல்லிப் பதிந்தா. கேட்டு முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு வீடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்டால் தையல் அக்கா சிரட்டையை எடுத்துக்கொண்டு, அடுப்புக்கு நெருப்பெடுக்க வந்தவ போலப் போய்ப் படலையைத் தட்டுவா. ஆள் வந்தால் அடி நிற்கும். நெருப்புப் பெட்டி தட்டுப்பாடான காலம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

அளவெட்டித் தோழி எடுத்ததுதான் மிக நீளமான பாட்டு. லெட் செப்பலின் 1971 இல் வெளியிட்ட 'வென் த லெவீ பிறேக்ஸ்'. ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் ட்ரம்ஸ் ஒலி ஏதோ பெரிய மண்டபத்துக்குள் அடிப்பது போலிருக்கும். இங்கிலாந்தில் ஹெட்லி கிறேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் ட்ரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள் என்று பின்னாளில் வாசித்தேன். அந்த வீடு 1795 இல் ஏழைகளையும் அநாதைகளையும் தங்கவைக்கக் கட்டியதாம். பாட்டுப் போக மிஞ்சிய இரண்டு நிமிடம் வரையில் அவள் பேசினாள். இலங்கை வானொலி அறிவிப்பாளர் போலக் குரலை மாற்றி "அன்பு நேயர்களே" என்று தொடங்கினாள். பிறகு மேசையில் தட்டித் தாளம் போட்டு, இதை எட்டு எட்டாக எண்ணினால் ஆதிதாளம்தான், எங்கள் அப்பா கேட்டால் ட்ரம்ஸ்காரனுக்குப் பொன்னாடை போர்த்துவார் என்றாள். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தமும் நாங்கள் சிரிப்பதும் பதிந்திருக்கிறது.

அந்தக் கசற் மூன்று வருடம் சுற்றியது. ஒருவரிடம் ஒரு கிழமை, பிறகு அடுத்தவரிடம். தைத்த துணிப் பொட்டலத்துக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்குள் எல்லாம் போகும். பெட்டிக்குள் ஒரு தாளும் போகும். அதில் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுவோம். 'பங்கருக்குள் கேட்டேன்', 'மகனுக்குக் காய்ச்சல், பாதிதான் கேட்டேன்', 'இண்டைக்கு ஒண்டும் கேட்க மனமில்லை, அப்படியே அனுப்புறன்' என்று. அந்தத் தாளைப் பார்த்தே யாருக்கு என்ன கஷ்டம் என்று தெரிந்துகொள்வோம். கடைசி வரியை எழுதியவளின் வீட்டுக்கு யாராவது அன்று பின்னேரம் போய்வருவார்கள். அந்த நாளில் எங்களுக்கு உளவள ஆலோசனை என்ற சொல்லே தெரியாது. எங்களிடம் இருந்தது இந்தக் கசற்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது கசற் என் முறையில் இருந்தது. மழைக்குள், நாவற்குழிப் பக்கமாகச் சனத்தோடு சனமாக நடந்த அந்த இரவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறந்த பதிவுகள், அடையாள அட்டைகள் சுற்றிய பொலித்தீன் பைக்குள் கசற்றும் இருந்தது. அண்ணாவின் பிஸ்கற் ரின் வீட்டிலேயே நின்றுவிட்டது. 1996 இல் திரும்பி வந்தபோது அதிலிருந்த கசற்றுகளின் நாடா முற்றத்து முருங்கையில் சிக்கிக் காற்றில் ஆடிக் கொண்டிருந்தது.

ஐந்து பேரும் ஐந்து திசையானோம். ரீச்சர் கனடாவுக்குப் போனா. குருநகர்த் தோழி குடும்பத்தோடு மன்னாருக்குப் போனாள். அளவெட்டித் தோழியின் குடும்பம் தென்மராட்சியிலிருந்து வன்னிக்குப் போனது. முதலில் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. 2009 மேக்குப் பிறகு அவள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

2012 இல் அளவெட்டியில் ஒரு கலியாண வீட்டில் அவளுடைய அம்மாவைக் கண்டேன். மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் மீளக்குடியமர்ந்திருந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளின்ரை ஒரு படம்கூட என்னட்டை இல்லைப் பிள்ளை. அல்பம் முழுக்க முள்ளிவாய்க்காலோடை போட்டுது. உன்னட்டை ஏதும் இருக்கோ?" என்று கேட்டா. படம் என்னிடமும் இல்லை. "குரல் இருக்கு அம்மா" என்றேன்.

இருபது வருடக் கசற். எடுத்த எடுப்பில் பிளேயரில் போட்டால் நாடா அறுந்துவிடலாம். உள்ளே நாடாவை அமுக்கிப் பிடிக்கும் சின்னப் பஞ்சு கழன்று போயிருந்தது. திருகாணி போட்ட வேறொரு கசற்றின் கூட்டைத் திறந்து, அதற்குள் இந்த நாடாவை மாற்றி வைத்தேன். பென்சிலால் ஒரு முறை முன்னுக்கும் ஒரு முறை பின்னுக்கும் மெதுவாகச் சுற்றினேன். பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தேன். ஹெட்போன் செருகும் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்பியூட்டருக்குக் கொடுத்து, ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் பதிந்தோம். அயல்வீட்டு மாணவன் ஒருவன் உதவினான். நாடா ஓடிய 90 நிமிடமும் நான் மூச்சை அடக்கிக் கொண்டுதான் இருந்தேன். உயர்ந்த ஒலிகள் கொஞ்சம் மங்கியிருந்தன. பேச்சு தெளிவாக இருந்தது.

அந்த மாதமே கிளிநொச்சிக்குப் போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தகரக் கொட்டிலின் வாசலில் இருந்து கேட்டா. "அன்பு நேயர்களே" என்றதும் சிரித்தா. மேசைத் தாளம் வந்தபோது அவவின் விரலும் முழங்காலில் எண்ணியது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னா. மூன்று முறை கேட்ட பிறகு, "அவள் போட்ட அந்தப் பாட்டையும் போடு" என்றா. ஏழு நிமிடமும் பேசாமல் கேட்டுவிட்டு, "உது என்ன சொல்லுது?" என்று கேட்டா.

பாட்டை நாங்கள் பதிந்த காலத்தில் அதன் பொருள் எங்களுக்குச் சரியாகத் தெரியாது. பிறகுதான் தேடி அறிந்தேன். லெட் செப்பலின் பாடியது பழைய புளூஸ் பாட்டு ஒன்றின் மறுவடிவம். மெம்பிஸ் மினி என்ற கறுப்பினப் பெண்ணும் அவருடைய கணவர் கன்சாஸ் ஜோ மக்கோயும் அதை 1929 இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பாடியவர் கணவர், மெம்பிஸ் மினியும் கிற்றார் வாசித்தார். 1927 இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு அணைகளை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஆறு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஏழைக் கறுப்பின மக்கள். அணையின் மேலேயே கூடாரம் அடித்து மாதக் கணக்கில் நிவாரணத்துக்கு நின்றார்கள். வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தவர்களுடைய பாட்டுத்தான் அது. நாங்கள் வெறும் தாளத்துக்காகக் கேட்டது இடம்பெயர்ந்தவர்களின் பாட்டாக இருந்திருக்கிறது.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப அவையும் எங்களைப் போலத்தான்" என்றா. பிறகு, "தெரிஞ்சு எடுத்தவளோ, தெரியாமல் எடுத்தவளோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டா. அவள் இல்லை என்று சொல்ல அந்த அம்மாவுக்கு மனமில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பதிவு இப்போது அவவின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பின்னேரங்களில் ஒரு முறை கேட்பாவாம்.

சகோதரிகளே, உங்களில் யாரிடமாவது பழைய கசற் இருக்கலாம். சாமத்திய வீட்டில் பதிந்தது, வெளிநாட்டிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, பிள்ளை மழலை பேசியது என்று ஏதாவது இருக்கும். அவை அழிந்து போவதற்குள் சிலவற்றைச் செய்யுங்கள். வெயில், ஈரம், ஸ்பீக்கரின் காந்தம் மூன்றுக்கும் தூரமாக வையுங்கள். முதுகில் உள்ள சின்னச் சதுரங்கள் உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறுதலாக மேலே பதிய முடியாது. பூஞ்சணம் பிடித்திருந்தால் நீங்களாகப் போட்டுப் பார்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும் திரும்பத் திரும்பப் போடாமல், முதல் முறை ஓட்டும்போதே கம்பியூட்டருக்கு மாற்றுங்கள். பிரதி இரண்டு எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். ஒரு வீடு போனாலும் மற்றது இருக்கும் என்பதை நாங்கள் படித்து அறியத் தேவையில்லை. யாருடைய குரல், எந்த வருடம், எங்கே என்று எழுதி வையுங்கள். எங்களுக்குப் பிறகு கேட்கப் போகிறவர்களுக்கு அது தெரியாது.

இன்னொரு யோசனையும் உண்டு. எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் சில காலமாக ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து பாட்டுச் சுற்று நடத்துகிறோம். இப்போது கசற் வேண்டாம், ஒரு மெமரி சிப் போதும். ஒருவருக்கு ஒன்பது நிமிடம் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. றொக் ஆனாலும், பைலா ஆனாலும், தேவாரம் ஆனாலும் தடையில்லை. ஏன் எடுத்தோம் என்று சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேச வேண்டும், அது மட்டும் கட்டாயம். வாய் திறந்து பேசாதவர்கள்கூடப் பாட்டைச் சாட்டிப் பேசுகிறார்கள். போன மாதம் ஒரு தங்கச்சி ஒன்பது நிமிடத்தையும் வெறுமையாக விட்டு அனுப்பியிருந்தாள். அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.